விண்டோஸ் அப்கிரேடுக்குப் பிறகு நாஸ் பெட்டியில் காப்பி ஏன் நிற்கிறது?

"மாமா, நேத்து வரைக்கும் போச்சு, இன்னைக்குக் காப்பி ஆக மாட்டேங்குது, நாஸ் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்" என்று என் மனைவியின் தம்பி போன் செய்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன் ஒருவழியாக மேசைக் கணினியை 11க்கு மாற்றியிருந்தான். மறுநாளே வீட்டு நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க் வழியாக வீட்டில் எல்லோரும் ஃபைல் போட்டு வைக்கிற வட்டுப் பெட்டிக்கு, போகிற இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி. எதை இழுத்துப் போட்டாலும் 80070035 என்று முடிகிற ஒரு எண்ணும், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்ற செய்தியும். புதுப் பெட்டிக்கு விலைகூடப் பார்த்து வைத்துவிட்டான்.

"மச்சான், பெட்டியில கை வைக்காத. பாப்பாவோட லேப்டாப்ல இருந்து ஒரு போட்டோவைப் போட்டுப் பாரு" என்றேன். அதுவும் விண்டோஸ் 11தான், அதே வைஃபைதான். போட்டோ ஒரே நொடியில் போய்விட்டது. அவன் இன்னும் குழம்பிப்போனான், எனக்கோ பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. லேப்டாப்பில் இருந்தது ஹோம் பதிப்பு, மேசைக் கணினியில் இருந்தது ப்ரோ. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டில் மைக்ரோசாஃப்ட் இரண்டு பழைய சலுகைகளை நிறுத்தியது, ஆனால் ஹோம் பதிப்பில் அவற்றை அப்படியே விட்டுவைத்தது. அதனால்தான் ஒரே வீட்டில் ஒரு கணினியில் போகும், இன்னொன்றில் போகாது. பெட்டி செத்துப்போயிருந்தால் இரண்டிலுமே போகாது.

அது என்ன சலுகை என்று சொல்வதற்கு முன்னால், "காப்பி ஆகல" என்ற ஒரே வாக்கியத்துக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் ஃபைலை இழுத்துப் போடும்போது கணினி முதலில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு 445ஆம் போர்ட்டில் கதவைத் தட்டி, நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வதற்கான எஸ்எம்பி என்ற நெறிமுறையின் எந்தப் பதிப்பில் பேசுவது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நீ யார் என்ற கேள்வி, அதற்குப் பின் இந்த ஃபோல்டரில் எழுத உனக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையில் பைட்டுகள் நகரத் தொடங்கும். இதில் எங்கே தடங்கினாலும் நம் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி பெட்டிதான் வரும், வருகிற செய்தியும் பல நேரம் பொய் சொல்லும். பாதை கிடைக்கவில்லை என்று அவனுக்கு வந்ததே, பாதை கிடைத்துவிட்டது, பெட்டி பதிலும் சொல்லிவிட்டது. பதில் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது விண்டோஸ்தான்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கேயும் இதே கூத்துதான். 2017இல் வந்த லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.13இல், எஸ்எம்பி பகிர்வை மவுண்ட் செய்யும்போது, அதாவது கணினியோடு இணைக்கும்போது, எஸ்எம்பி1தான் இயல்பு என்பதை மாற்றிவிட்டார்கள். பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் அப்டேட் போட்டதும் மவுண்ட் பிழை 112, ஹோஸ்ட் இஸ் டவுன் என்று வந்தது. ஹோஸ்ட் ஜம்மென்று ஓடிக்கொண்டுதான் இருக்கும், பிங் போட்டால் பதில் வரும். ஆனால் அதற்குத் தெரிந்தது பழைய பாஷை ஒன்றுதான்.

அந்தப் பழைய பாஷையின் கதை சின்னதுதான். எஸ்எம்பியை 1983இல் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் எழுதினார். அலுவலகத்துக்குள் நான்கு கணினி ஒரு வட்டைப் பகிர்ந்துகொள்வதற்காக எழுதியது, வெளி உலகத்தில் எதிரி இருப்பான் என்ற கவலையே அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது, விஸ்டாவோடு எஸ்எம்பி2 வந்தது, 2012இல் விண்டோஸ் 8ஓடு எஸ்எம்பி3 வந்தது. பழைய எஸ்எம்பி1ஐ 2014இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள், ஆனாலும் யாரும் அதை அணைக்கவில்லை. 2017 மே 12ஆம் தேதி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை பரவியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்தப் புழு நுழைந்த ஓட்டை எஸ்எம்பி1இல் இருந்தது, அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பு மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தும் பல கணினிகளில் போடப்படாமலே கிடந்தது. அதே வருடத்தின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 வெளியீட்டிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸில் எஸ்எம்பி1 இயல்பாக இருப்பதில்லை.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் பக்கத்துக் கணினிகள் வரிசையாகத் தெரியுமே, அந்தப் பட்டியலைத் தயாரித்த பழைய ஏற்பாடு எஸ்எம்பி1ஐ நம்பித்தான் இருந்தது. அது போனதும் பழைய பெட்டிகள் பட்டியலில் தெரியாமல் போயின. தெரியவில்லை என்பதால் அங்கே இல்லை என்று அர்த்தமில்லை. முகவரிப் பட்டையில் நேராக \\192.168.1.20 என்பது போல உங்கள் பெட்டியின் எண்ணை அடித்துப் பாருங்கள். அது திறந்தால் கண்டுபிடிக்கும் கட்டத்தில்தான் சிக்கல், வேறெங்கும் இல்லை.

சரி, மச்சானின் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பெட்டி எஸ்எம்பி1 காலத்தது அல்ல, எஸ்எம்பி3 நன்றாகவே பேசும். எண்ணை அடித்தாலும் திறக்கவில்லை. "நாஸுக்கு என்ன பாஸ்வேர்டு போட்டிருந்த?" என்று கேட்டேன். "பாஸ்வேர்டா? அதெல்லாம் எதுவும் கேட்டதே இல்ல மாமா" என்றான்.

விடை அதுதான். பல நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸும் சாம்பாவும். சாம்பா என்பது எஸ்எம்பியை விண்டோஸ் அல்லாத கணினிகளில் பேச வைக்கிற திறந்த மூல மென்பொருள், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல் தொடங்கி வைத்தது. அதில் ஒரு செட்டிங் உண்டு: தெரியாத பெயரோடு யாராவது வந்தால் துரத்தாதே, கெஸ்ட் என்று உள்ளே விடு. நீங்கள் ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் உங்களைக் கேட்காமலே உங்கள் கணினி லாகின் பெயரைத்தான் முதலில் அனுப்பிப் பார்க்கும். பெட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. சரி, கெஸ்ட்டாக வா என்கிறது. விண்டோஸும் சரி என்று போய்விடும். இப்படி இரண்டு பேரும் உங்களுக்குத் தெரியாமல் வருடக்கணக்காக ஒரு சமரசத்தில் குடித்தனம் நடத்தியிருப்பார்கள், நீங்கள் பாஸ்வேர்டு தேவையில்லாத பெட்டி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

24எச்2வின் ப்ரோ பதிப்பு இந்தச் சமரசத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. பெட்டி கெஸ்ட் என்று சொன்ன உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இது 1709லிருந்தே இப்படித்தான், ப்ரோவுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. இது முதல் சலுகை.

இரண்டாவது கையொப்பம், அதாவது எஸ்எம்பி சைனிங். போகும் வரும் ஒவ்வொரு செய்தியோடும், நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சியாக ஒரு சின்ன முத்திரை ஒட்டி அனுப்புவது. புதிய விஷயம் ஒன்றுமில்லை, விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இருக்கிறது, கட்டாயமில்லாமல் இருந்தது. 24எச்2வில் ப்ரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் மூன்றிலும் கட்டாயம். இங்கேதான் பலருக்குப் புரியாத இடம் வருகிறது. அந்த முத்திரையைத் தயாரிக்க ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்டு இல்லையென்றால் சாவி இல்லை, சாவி இல்லையென்றால் முத்திரை இல்லை, ஆக கெஸ்ட்டால் எந்தக் காலத்திலும் கையொப்பம் போட முடியாது. கெஸ்ட் அனுமதியை மட்டும் திரும்பத் திறந்துவிட்டு, இன்னும் வேலை செய்யவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். பெட்டிக்குக் கையொப்பம் போடவே தெரியாது என்றால் வேறு பிழை வரும், மைனஸ் 1073700864 என்று ஒரு நீண்ட எண்ணோடு, கிரிப்டோகிராஃபிக் கையொப்பம் செல்லாது என்று. நான் பார்த்ததில் ஓரளவு உண்மை பேசுகிற ஒரே பிழைச் செய்தி அது.

இதைத் தேடினால் கிடைக்கிற வீடியோக்களில் பாதி, கட்டளை அடிக்கிற பவர்ஷெல்லைத் திறந்து கையொப்பத்தையும் அணை, கெஸ்ட்டையும் திற என்று இரண்டு வரியில் முடித்துவிடும். அப்படிச் செய்தால் காப்பி ஆகும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த செட்டிங் உங்கள் பெட்டிக்கு மட்டும் என்று பிரித்துப் பார்க்காது. நாளைக்கு அந்தக் கணினியை வேறொரு நெட்வொர்க்கில் மாட்டினால், நான்தான் ஃபைல் சர்வர் என்று சொல்லிக்கொண்டு வருகிற யாரிடமும் அது கேள்வி கேட்காமல் பேசும். ஒரு படி மேலே போய் எஸ்எம்பி1ஐயே திரும்ப நிறுவச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு நான் ஆளில்லை. அப்படி எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பெட்டி உங்களிடம் இருந்தால் வட்டைக் கழற்றியோ, எஃப்டிபி என்ற இன்னொரு ஃபைல் அனுப்பும் முறை வழியாகவோ உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு விடைகொடுத்துவிடுங்கள்.

மற்ற பெட்டிகளுக்குச் சரியான வழி பத்து நிமிட வேலைதான். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஒரு யூசரை உருவாக்குங்கள், பாஸ்வேர்டு கொடுங்கள், அந்த ஃபோல்டருக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள். அங்கேயே எஸ்எம்பி பகுதியில் குறைந்தபட்சப் பதிப்பு எஸ்எம்பி2 என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு விண்டோஸில் பழைய டிரைவ் இணைப்பைத் துண்டித்து, கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கிற கிரெடென்ஷியல் மேனேஜருக்குப் போய் அந்தப் பெட்டியின் பெயரிலோ எண்ணிலோ கிடக்கிற பழைய பதிவுகளை நீக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் புதுப் பெயரில் நுழையப் பார்த்தால், ஒரே சர்வரோடு இரண்டு வேறு பெயர்களில் இணைய முடியாது என்று 1219ஆம் பிழை வந்து நிற்கும். நீக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட், அப்புறம் புது யூசர் பெயரோடு மறுபடி இணைப்பு.

பாஸ்வேர்டு என்று கேட்கும்போது பலர் விண்டோஸுக்குள் நுழைகிற நான்கு இலக்கப் பின்னைப் போடுகிறார்கள். அது அந்தக் கணினியைத் தாண்டி எங்கும் செல்லாது. வேறு சிலருக்கு விண்டோஸிலும் நாஸிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்று தற்செயலாக அமைந்து, கேட்காமலே திறந்துகொண்டிருக்கும். அப்கிரேடின்போது மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாறியிருந்தால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

மச்சானுக்கு இவ்வளவும் செய்து முடித்ததும் டிரைவ் திறந்தது. பழைய போட்டோ எல்லாம் தெரிகிறது, திறக்கிறது. ஆனால் காப்பி? புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் காப்பி செய்தால் போகிறது, பழைய ஃபோல்டருக்குள் போட்டால் அனுமதி இல்லை என்கிறது. "மறுபடியும் போச்சா மாமா?"

போகவில்லை. இத்தனை வருடமாக அவன் கெஸ்ட்டாக எழுதிய ஃபைல்களுக்கெல்லாம் லினக்ஸ் கணக்கில் உரிமையாளர் யார் தெரியுமா? நோபடி. யாருமில்லை என்பதுதான் அந்த யூசரின் பெயரே. இப்போது முறையான பெயரோடு வந்திருக்கிறவனை அந்த ஃபோல்டர்கள் அந்நியனாகப் பார்க்கின்றன: படித்துக்கொள், எழுதாதே. நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பகிர்வின் அனுமதியைத் திறந்து, உரிமையாளரைப் புது யூசருக்கு மாற்றி, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதையே பொருத்து என்ற டிக் குறியையும் போட வைத்தேன். அந்தக் கடைசி டிக்கை விட்டால் மேல் ஃபோல்டர் மட்டும் மாறி, உள்ளே இருப்பவை அப்படியே நோபடியிடமே கிடக்கும். பாஸ்வேர்டு வரைக்கும் சரியாகச் செய்துவிட்டு இந்த இடத்தில் வெறுத்துப்போய் மறுபடி கெஸ்ட்டுக்கே திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்கிரேடு எப்போதும் நம் கணினியில்தான் நடக்கும் என்றும் இல்லை. அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரை உபுண்டு 20.04க்கு மாற்றுகிறார்கள், மறுநாள் காலை ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்கு வரவில்லை. அதில் வந்த சாம்பா 4.11இல்தான் எஸ்எம்பி1 இயல்பாகவே அணைக்கப்பட்டது, பழைய மெஷினுக்கோ அதை விட்டால் வேறு தெரியாது. யாரும் அந்த மெஷினைத் தொடவில்லை என்பதால் எல்லோரும் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். மெஷினுக்குப் புது ஃபர்ம்வேர் கிடைக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை ஈமெயிலுக்கோ எஃப்டிபிக்கோ அனுப்ப வையுங்கள். ஒரு மெஷினுக்காக சர்வரில் எஸ்எம்பி1ஐத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது என்ற ரகம். அப்கிரேடுக்குப் பிறகு பலர் முதல்முறையாக மொத்த பேக்கப் எடுக்க உட்காருவார்கள், எப்போதோ இருந்த குறைகள் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும், பழி அப்கிரேடு மேல் விழும். ரவுட்டரில் செருகிய யூஎஸ்பி வட்டு ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் ஒரு ஃபைல் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது, அதாவது நான்கு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. கல்யாண வீடியோ எல்லாம் அங்கே அடிவாங்கும். பெட்டியின் ரீசைக்கிள் பின் நிறைந்து இடமில்லாமல் போவதும் உண்டு. வைஃபை நடுவில் விட்டுப்போனால் 59 அல்லது 64 என்ற பிழைகள் வரும், கேபிள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த ரகத்தில் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். விண்டோஸ் காப்பியைத் தொடங்கும்போதே மொத்த அளவுக்கும் இடம் பிடித்துவிடும். பாதியில் நெட்வொர்க் அறுந்தால், அந்தப் பக்கம் முழு அளவோடு ஒரு ஃபைல் நிற்கலாம், உள்ளே பாதிதான் இருக்கும். அளவு சரியாக இருக்கிறதே என்று இந்தப் பக்கம் அழித்துவிடாதீர்கள், திறந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு அழியுங்கள். பெரிய வேலைக்கு எக்ஸ்ப்ளோரரை விட விண்டோஸோடு வருகிற ரோபோகாப்பி எவ்வளவோ மேல், எது போகவில்லை என்று பட்டியல் கொடுக்கும். ஆனால் எத்தனை முறை முயல வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அதன் இயல்பு, ஒரு ஃபைலுக்குப் பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 விநாடி இடைவெளி. கணக்குப் போட்டால் ஒரே ஒரு பிடிவாதமான ஃபைலுக்காக 347 நாள் உட்கார்ந்திருக்கும். முயற்சி எண்ணிக்கையைக் குறிக்கிற ஆர் என்பதற்கு 2, காத்திருக்கும் விநாடியைக் குறிக்கிற டபிள்யூ என்பதற்கு 5 என்று நான் கொடுப்பது வழக்கம்.

மச்சானுக்கு அப்படித்தான் ஓட்டினோம். இரவெல்லாம் ஓடி காலையில் எல்லாம் போயிருந்தது, இரண்டே இரண்டு வீடியோவைத் தவிர. இரண்டும் என் மாமனார் மாமியாரின் அறுபதாம் கல்யாணம். முதல் வீடியோவின் பெயர் இது: அம்மா அப்பா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் அபிராமி கோயில் காலை பூஜை முழு வீடியோ முதல் பாகம். இன்னொன்றில் முதல் என்ற இடத்தில் இரண்டாம்.

கண்ணால் எண்ணினால் 45 எழுத்து. விண்டோஸ் குறில் நெடில் குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணும், இடைவெளியும் கடைசியில் புள்ளியோடு வரும் எம்பி4 என்ற ஒட்டும் சேர்த்து 96. அதன் வரம்பு 255 என்பதால் அதற்கு இது ஒரு பெரிய பெயரே இல்லை. நாஸ் பெட்டிக்குள் வட்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் அமைப்பின் வரம்பும் 255தான், ஆனால் அது எண்ணுவது பைட்டை. எழுத்துகளை பைட்டாக மாற்றுகிற யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். கு என்று எழுதினால் க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். அந்தப் பெயரில் 80 தமிழ்க் குறிகள், 240 பைட். இடைவெளி 12. ஒட்டு 4. மொத்தம் 256, வரம்பை விட ஒன்றே ஒன்று அதிகம். சில பெட்டிகளில் ஃபோல்டரை மறையாக்கம் செய்து வைத்திருந்தால் வரம்பு 143 பைட்டாகவே சுருங்கிவிடும், 47 குறிகளுக்கு மேல் தமிழ்ப் பெயர் ஏறாது. திரையில் வந்த பிழைச் செய்தியில் பைட் என்ற பேச்சே இல்லை.

"முழு வீடியோங்கிறதை எடுத்துடு மச்சான்" என்றேன். எடுத்தான். இரண்டும் போயின.